நிமிடத்துக்கு எத்தனை முறை

தார்த்துவில் பிப்ரவரி.
மருத்துவமனையின் நிலவறைக்குப் பனி தெரியாது.
அங்கேதான் என் வேலை:
ஆட்களைப் படுக்கவைத்து, முகமூடியை மேசையோடு பூட்டி,
"அசையாதீர்கள்" என்று சொல்லிவிட்டு
அவர்களைத் தனியே விட்டு வெளியே ஓடிவருவது.
ஓட்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.
கதவு முக்கால் முழத் தடிமன்.

ஆர்வெத் மரம் வெட்டியவர். தொண்டையில் புற்று.
புற்றென்றால் அவருக்கு
ஊசியிலைகளைக் குவித்து எறும்புகள் கட்டுவது.
அதைச் சுற்றிக்கொண்டு போவாராம், கால் படாமல்.
"நீங்கள் நேரே நடுவில் சுடுகிறீர்களே" என்றார்,
குரல் மிச்சமிருந்த நாளில்.

பதினோரு நிமிடம்.
கொஞ்சம் விலகினாலும்
கதிர் எச்சில் சுரப்பியைத் தின்னும்.
விழுங்கும் ஆசையை அவர் எங்கே ஒளித்துவைப்பாரோ.
திரையில் பார்ப்பேன்:
வெட்டிச் சாய்த்த மரம்கூட அவ்வளவு சும்மா கிடக்காது.

மாலையில் வேறு வேலை.
டாக்டர் சிர்யேவின் ஆய்வுக்கு,
மணிக்கு இத்தனை யூரோ என்று பேசி,
காணொளியை நிறுத்தி நிறுத்தி
குழந்தைகளின் கண் துள்ளுவதை எண்ணுவது.

மிர்தெலுக்கு இரண்டரை வயது.
அக்டோபர் வரை நடந்தாள்.
ஒரு சளிக்காய்ச்சலுக்குப் பிறகு
கண்கள் எல்லாத் திசைக்கும் தெறித்தன.
கரண்டி வாய்க்குப் போகும் வழியில் காதைத் தொட்டது.
தூக்கம் போயிற்று. கையில் கிடைத்ததைக் கடித்தாள்,
அம்மாவையும்.
முதலில் பார்த்தவர் வைரஸ், சரியாகிவிடும் என்றார்.
சிர்யே கண்ணைப் பார்த்தார்,
வயிற்றை ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

சிறுநீரகத்தின் தலைமாட்டில்
ஒரு கருந்திராட்சை.

வேலியே பயிரை மேய்ந்தது என்று சொல்லிவிடலாம்.
அப்படியில்லை.
வேலி களையைத்தான் மேயப் போனது.
எங்கள் இயந்திரங்களுக்கு முன்பே அதைக் கண்டுகொண்டது.
களைக்கு அவளுடைய சிறுமூளையின் சாயல்;
அதனால் மேலேயும் ஏறிவிட்டது.
இப்படி ஆடுகிற குழந்தைகளின் கட்டி
பெரும்பாலும் பரவாது என்கிறார் சிர்யே.
ஆட்டம் நிற்க வேண்டும்,
காவல் தூங்கிவிடவும் கூடாது.
ஆய்வு முழுக்க இந்த ஒரே வாக்கியம்தான்,
நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில்.

திராட்சையை எடுத்துவிட்டார்கள்.
ஆட்டம் நிற்கவில்லை.

கேமரா அறைக்கு இருட்டு வேண்டும் என்று
எங்கள் நிலவறையில் ஓர் ஓரம் கொடுத்திருந்தோம்.
அன்று காத்திருக்கும் இடத்தில் ஆர்வெத்,
முகமெல்லாம் முகமூடியின் தடம்,
வலையிலிருந்து இப்போதுதான் விடுபட்ட மீன் மாதிரி.
மிர்தெல் பார்த்தாள்.
பார்த்தாள் என்றால், பத்துத் துண்டாக.
கை நீட்டினாள்; அவர் தொப்பிக்குப் போனது.
மறுபடி; நாற்காலியின் கைப்பிடிக்கு.
மறுபடி; கண்ணருகே, நகம் பட்டது.
அம்மா தடுக்க எழுந்தாள்.

ஆர்வெத் அசையவில்லை.
யாரும் சொல்லவில்லை.
பூட்டு இல்லை, கதவு இல்லை.
விழுங்கக்கூட இல்லை.
ஐந்தாவது முறையோ ஆறாவதோ
அவள் விரல் அவர் கன்னத்தின் ஒரு கட்டத்துக்குள்
வந்து சேர்ந்தது.
எவ்வளவு நேரம் இருந்ததென்று நான் எண்ணவில்லை.
எண்ணியிருக்க வேண்டும்.

முப்பத்தைந்தாம் நாள் அவர் முகமூடியைக் கேட்டு வாங்கினார்.
குரல் இல்லை, தாளில் ஒரு காளான் வரைந்து காட்டினார்.
கழுவி வடிகட்டவா என்றேன்.
ஆமாம், வேறெதற்கு என்பதுபோல் பார்த்தார்.
அதன்பின் அவரைப் பற்றித் தகவல் இல்லை.

முதல் காணொளியில் நிமிடத்துக்கு நூற்றுத் தொண்ணூறு.
மே மாதத்தில் பதினான்கு.
நான் குணம் என்று எழுதியதை
சிர்யே அடித்துவிட்டுக் குறைவு என்று எழுதினார்,
கோபமில்லாமல், பென்சிலால்.
படிவத்தின் கடைசியில் 'பிற' என்று ஒரு கட்டம் உண்டு,
யாரும் நிரப்புவதில்லை.
அதில் எழுதினேன்:
பரிசோதனைக்கு நடுவே குழந்தை கதவைப் பார்த்தது.
மூன்று நொடி.
நேராக.